ஸ்டீம் கல்வியும் முன்பள்ளி ஆசிரியையின் கொப்பியும்

யாழ்ப்பாணத்து முன்பள்ளிகளில் 'ஸ்டீம்' என்ற பேச்சு இப்போது காதில் விழத் தொடங்கியிருக்கிறது. விஞ்ஞானம், தொழினுட்பம், பொறியியல், கலை, கணிதம் ஆகிய ஐந்தையும் தனித்தனிப் பாடங்களாகப் பிரிக்காமல், ஒரு செயலுக்குள் ஒன்றாகச் சேர்த்துக் கற்பது என்று அதை விளக்குகிறார்கள். செயலமர்வில் அப்பச்சோடாவின் மேல் வினாகிரியை ஊற்றி எரிமலை பொங்கச் செய்து காட்டினால், அதைப் பார்த்த ஆசிரியை தன் முன்பள்ளியிலும் அதைச் செய்து காட்டுவார். பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு நல்லதுதான். ஆனால் பொங்கி முடிந்த பிறகு எந்தப் பிள்ளை என்ன கேட்டது, யார் தானும் ஊற்றிப் பார்க்க வேண்டும் என்று நின்றது, யார் பயந்து பின்னால் போனது, அடுத்த நாள் அதைப் பற்றி யாராவது கதைத்ததா என்பதெல்லாம் எங்கும் பதிவாவதில்லை. அவற்றைப் பார்த்த ஒரே ஆள் ஆசிரியைதான். அவரிடம் அதை யாரும் கேட்பதும் இல்லை.

வகுப்பில் நடப்பதை ஆசிரியையே கேள்வியாக எடுத்து, எழுதி, மாற்றிப் பார்த்து, மறுபடி எழுதும் முறைக்குச் செயல்நிலை ஆய்வு என்று பெயர். கல்விமாணி, பட்டப்பின் கல்வி டிப்ளோமா படித்தவர்களுக்கு இது பழகிய சொல். முன்பள்ளி ஆசிரியைகளில் பலருக்கு அது பல்கலைக்கழகத்துச் சமாச்சாரமாகவே தோன்றும். அப்படித் தோன்ற வேண்டியதில்லை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் ஸ்டீம் உண்மையில் வேர்விட வேண்டுமானால், அதை ஆராய மிகப் பொருத்தமானவர் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே பாயில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியைதான் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான காரணங்களையும், அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதையும் இங்கே பார்ப்போம்.

முதலில் ஸ்டீம். 1990களில் அமெரிக்க தேசிய விஞ்ஞான நிறுவனம் விஞ்ஞானம், கணிதம், பொறியியல், தொழினுட்பம் ஆகிய நான்கையும் அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளால் ஒன்றாகக் குறிக்கத் தொடங்கியது. 2001 அளவில் அந்த எழுத்துகளை மாற்றி அடுக்கி 'ஸ்டெம்' என்றார்கள். சில ஆண்டுகளில் கலையும் உள்ளே வந்து 'ஸ்டீம்' ஆனது. அந்த நாட்டில் இதற்குப் பின்னால் தொழிற்சந்தை பற்றிய கவலை இருந்தது. பொறியியலாளர் போதவில்லை, விஞ்ஞானம் படிக்க வருபவர் குறைகிறார்கள் என்ற கவலை. நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கவலை தேவையில்லை. அந்த வயதில் பாடம் என்ற பிரிவே கிடையாது. மணலில் கோடு கீறும் பிள்ளை அதே நேரத்தில் படம் வரைகிறது, அளக்கிறது, ஈர மணலும் காய்ந்த மணலும் எப்படி வேறுபடுகின்றன என்று சோதிக்கிறது. 1840இல் 'கிண்டர்கார்டன்' என்ற பெயரைத் தன் பள்ளிக்கு வைத்த ஜெர்மானியர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல், பிள்ளைகளின் கையில் பந்தையும் மரக் கட்டைகளையும் கொடுத்தபோது செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். கட்டையை அடுக்குவது ஒரே நேரத்தில் வடிவமும் எண்ணும் சமநிலையும் அழகும் ஆகும்.

நம்மிடம் இதற்கு வெளியூர்ப் பெட்டி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டத் திருவிழாவையே பாருங்கள். சட்டகம் இரு பக்கமும் ஒரே அளவாக வர வேண்டும். பட்டத்தை நூலோடு இணைக்கும் முச்சை கட்டும் இடம் கொஞ்சம் பிசகினாலும் பட்டம் குத்திக்கொண்டு விழும். வால் கூடினால் எழும்பாது, குறைந்தால் சுழலும். மேலே கட்டும் விண் என்ற ஒலியெழுப்பும் நார் எந்த அளவு இறுக்கமாக இருக்கிறதோ அதற்கேற்பக் கூவும். அதன் மேல் கொக்கோ வௌவாலோ நிறம் நிறமாக உருவெடுக்கிறது. ஐந்தும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. பிரித்துக் காட்டச் சொன்னால்தான் கஷ்டம். முன்பள்ளிப் பிள்ளை முச்சை கட்டாது. ஆனால் ஈர்க்கும் தாளும் ஒட்டிய சின்னப் பட்டத்துக்கு வால் நீளமாக வேண்டுமா கட்டையாக வேண்டுமா என்று ஓடி ஓடிச் சோதித்துப் பார்க்கும். அதுபோலவே ஓலைக் காற்றாடி, நுங்குக் கோம்பையில் செய்த வண்டில், கிணற்றுக் கப்பி, இன்னும் சில வளவுகளில் மிஞ்சியிருக்கும் துலா. தொழினுட்பம் என்றவுடன் டப்லெட் வாங்க வேண்டும் என்று நினைக்கிறோம். ஒரு பக்கம் பாரத்தை வைத்து மறுபக்கம் தண்ணீரை எழுப்பும் துலாவை ஒரு பிள்ளை தன் கையால் இழுத்துப் பார்த்தால் நெம்புகோலின் முதல் பாடம் முடிந்துவிடும்.

சரி, பொருள் இருக்கிறது. பொருள் இருந்தால் கற்றல் தானாக நடந்துவிடுமா? இங்கேதான் ஆய்வு தேவைப்படுகிறது. ஒரே பேசினில் ஒரே தண்ணீரை வைத்து ஒரு ஆசிரியை பிள்ளைகளை யோசிக்க வைப்பார். இன்னொருவர் "மிதக்கும், தாழும்" என்று இரண்டு சொற்களை ஒப்புவிக்க வைத்துவிட்டுப் போய்விடுவார். இரண்டு வகுப்புகளையும் வெளியிலிருந்து படம் எடுத்தால் வேறுபாடு தெரியாது. இரண்டிலும் பிள்ளைகள் தண்ணீரைச் சுற்றி மகிழ்ச்சியாக நிற்பார்கள்.

செயல்நிலை ஆய்வு என்ற சிந்தனையை 1940களில் முன்வைத்தவர் உளவியலாளர் குர்ட் லெவின். நாஜி ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குத் தப்பிப் போன யூதர் அவர். சமூகத்தில் ஒன்றை மாற்ற முயன்றால்தான் அதைச் சரியாக விளங்கிக்கொள்ள முடியும் என்ற நிலைப்பாட்டில், 1946இல் சிறுபான்மையினரின் பிரச்சினைகளை முன்வைத்து இதைப் பற்றிய கட்டுரை ஒன்றை எழுதினார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். நியூயோர்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஸ்டீபன் கோரி 1950களில் அதைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் லோரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1970களில் 'ஆசிரியரே ஆய்வாளர்' என்ற கருத்தை வலியுறுத்தினார். கலைத்திட்டம் (எதை எப்படிக் கற்பிப்பது என்ற திட்டம்) என்பது மேலிடத்திலிருந்து வரும் கட்டளை அல்ல, ஆசிரியர் தன் வகுப்பில் சோதித்துப் பார்க்க வேண்டிய ஒரு முன்மொழிவு என்பது அவருடைய வாதம். அவுஸ்திரேலியாவில் ஸ்டீபன் கெம்மிஸும் ரொபின் மக்டகார்ட்டும் 1980களில் அதற்கு ஒரு சுருள் வடிவம் கொடுத்தார்கள்: திட்டமிடல், செயற்படல், அவதானித்தல், மீள்சிந்தித்தல், பிறகு புதிய திட்டம். இலங்கையின் ஆசிரியர் கல்விப் பாடநெறிகளில் நாம் படிக்கும் படம் பெரும்பாலும் இதுதான்.

இவர்கள் எல்லோரையும்விட முன்பள்ளி ஆசிரியைக்கு நெருக்கமானவர் விவியன் பேலி. சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் பரிசோதனைப் பாடசாலையில் கிண்டர்கார்டன் ஆசிரியையாக வேலை செய்தவர். வகுப்பில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை ஓடவிட்டு, பின்னர் உட்கார்ந்து கேட்டு, பிள்ளைகள் சொன்னதை எழுதிக்கொள்வது அவர் வழக்கம். அப்படிக் கேட்கும்போது, பிள்ளைகளின் யோசனையைத் தான் இடையில் வெட்டிவிட்ட இடங்கள் அவருக்கே தெரியவந்தன. அவர் கேட்கும் கேள்விகளும் வகுப்பும் மாறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 1989இல் அமெரிக்காவின் மக்ஆர்தர் புலமைப்பரிசில் அவருக்குக் கிடைத்தது. கலாநிதிப் பட்டத்துக்காகவோ பதவி உயர்வுக்காகவோ அவர் எழுதவில்லை. வகுப்பில் இருந்துகொண்டே எழுதினார். இன்று எங்கள் ஆசிரியைகளின் கைப்பையில் இருக்கும் சாதாரண போன் அவருடைய கருவி செய்த வேலையைச் செய்யும்.

இப்போது ஒரு சுற்று எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்தோடு ஒட்டிய முன்பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மண்டபம், மூன்று வயதும் நான்கு வயதும் கலந்து இருபது பிள்ளைகள், ஒரு ஆசிரியை, ஒரு உதவியாளர். எடுத்துக்கொண்ட விடயம் தண்ணீர். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறே இல்லாத, சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரை நம்பிக் கிணறு வெட்டி வாழும் குடாநாட்டில் இதைவிடப் பொருத்தமான விடயம் கிடைப்பது அரிது. பேசினில் தண்ணீர். பக்கத்தில் உரிக்காத தேங்காய், சின்னச் சுண்ணாம்புக்கல், ஆணி, யோகட் கோப்பை, பூவரசம் இலை, கிளே.

ஆசிரியையின் கேள்வி 'ஸ்டீம் மூலம் முன்பள்ளிச் சிறார்களின் ஆக்கத்திறனை மேம்படுத்தல்' என்பது போல இருக்கக் கூடாது. அது தலைப்பு, கேள்வி அல்ல. அவரை உண்மையில் உறுத்துவது வேறு: 'நான் கேட்டால் அந்த நாலு பிள்ளைகள்தான் எப்போதும் பதில் சொல்கின்றன. மற்றதுகள் ஏன் பேசாமல் நிற்கின்றன?' இதுதான் நல்ல கேள்வி. சிறியது, அவருடையது, இந்த வாரமே ஏதாவது செய்து பார்க்கக் கூடியது.

முதல் நாள் எதையும் மாற்றாமல் பத்து நிமிடம் போனில் பதிவு செய்கிறார். வீட்டில் வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கேட்கிறார். 'இது தாழுமா மிதக்குமா?' என்று கேட்ட கையோடு அவரே பொருளைத் தண்ணீரில் போட்டுவிடுகிறார். பேசாத பிள்ளைக்கு வாய் திறக்க நேரமே கிடைக்கவில்லை. இது உலகம் முழுவதும் ஆசிரியர்களிடம் இருக்கும் பழக்கம். 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க விஞ்ஞானக் கல்வியாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசின. 'எனக்குத் தெரியாது' என்பதும் மௌனமும் குறைந்தன.

ஆகவே அடுத்த வாரம் இரண்டு மாற்றங்கள் மட்டும். கேட்ட பிறகு மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிவிட்டே அடுத்த வேலை. அப்புறம், பொருளைப் போடுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் அது எங்கே போய் நிற்கும் என்று தாளில் கீற வேண்டும். தாளில் ஒரு நீலக் கோடு, அதுதான் தண்ணீரின் மேல்மட்டம். தேங்காயைக் கோட்டுக்கு மேலே கீறுவதா கீழே கீறுவதா என்பது பிள்ளையின் முடிவு. கலை இங்கே அலங்காரத்துக்காக வரவில்லை. வாயால் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைக்குத் தன் எதிர்பார்ப்பைச் சொல்ல அது ஒரு வழியாகிறது. ஸ்டீமில் கலைக்கு இருக்கும் இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். செய்து முடித்த பொருளுக்குப் பூ ஒட்டுவது கலை ஆகாது.

அன்றைய பேச்சு இப்படி இருக்கக்கூடும்.

"பெரிசெண்டா தாழும் ரீச்சர்."

"சரி. தேங்காய் பெரிசுதானே, போட்டுப் பாப்பமா?"

"ஐயோ, தாழேல்லை!"

"ஏன் தாழேல்லை எண்டு நினைக்கிறீங்கள்?"

கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை. அப்புறம் பின்னால் நின்ற ஒரு பிள்ளை, "அதுக்கு மேல தும்பு இருக்கு."

உரிக்காத தேங்காய் மிதப்பதற்குத் தும்புக்குள் நிறைந்திருக்கும் காற்று ஒரு முக்கிய காரணம். பிள்ளைக்குக் காற்று என்ற காரணம் இன்னும் தெரியாது. ஆனால் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்துவிட்டது. இதை ஆசிரியை கொப்பியில் அப்படியே, பிள்ளை சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும். 'தேங்காய் மிதப்பதற்கான காரணத்தை மாணவர் அறிந்துகொண்டனர்' என்று எழுதினால் எல்லாம் போய்விட்டது. யார் சொன்னது, எதைப் பார்த்துச் சொன்னது, அதற்கு முன் எவ்வளவு நேரம் மௌனம் இருந்தது என்பவைதான் ஆய்வின் தரவு.

'பெரிசெண்டா தாழும்' என்பது பிழைதான், ஆனால் அது வெறும் பிழை அல்ல, ஒரு கொள்கை. இதை மிக அழகாகக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 1974இல் அனெட் கார்மிலோஃப்-ஸ்மித்தும், பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயோடு வேலை செய்த பெர்பல் இன்ஹெல்டரும் பிள்ளைகளிடம் மரக் கட்டைகளைக் கொடுத்து ஒரு ஒடுங்கிய சட்டத்தின் மேல் சமநிலையாக நிறுத்தச் சொன்னார்கள். சில கட்டைகளின் ஒரு முனையில் பாரம் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் கையால் தடவித் தடவிப் பார்த்து நிறுத்திவிட்டன. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் தடுமாறின. 'நடுவில் வைத்தால் நிற்கும்' என்ற கொள்கை அவர்களுக்குள் வந்துவிட்டது. பாரம் மறைந்த கட்டைகளையும் நடுவிலேயே வைத்து வைத்துப் பார்த்து, இவை நிற்காது என்று விட்டுவிட்டார்கள். எட்டு, ஒன்பது வயதில் கொள்கை திருந்தி எல்லாம் நின்றன. சோதனைத் தாளில் ஆறு வயதுப் பிள்ளைக்கு நான்கு வயதுப் பிள்ளையைவிடக் குறைந்த புள்ளி விழும். ஆனால் யோசனையில் அது முன்னே போயிருக்கிறது. முன்பள்ளியில் 'சரி' போட்டு, 'பிழை' போட்டு அளக்கும் எந்த ஆய்வும் இதைத் தவறவிடும்.

இரண்டாம் சுற்றில் புதிய கேள்வி எழும். கொப்பியைத் திருப்பிப் பார்த்தால், பேசினுக்குப் பக்கத்திலேயே வராத பிள்ளைகளின் பெயர் தெரியும். உடுப்பு நனைந்தால் வீட்டில் ஏச்சு விழும் என்று ஒதுங்குகிறார்களா? முன்வரிசையைப் பெரிய பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்களா? ஒரு பேசினை மூன்றாகப் பிரித்து வைத்துப் பார்க்கலாம், பழைய சட்டை கொண்டுவரச் சொல்லலாம். மூன்றாம் சுற்றில் பொறியியல் வரும். கிளேயை உருட்டிப் போட்டால் தாழ்கிறது. அதே கிளேயைக் கிண்ணமாகத் தட்டிவிட்டால் மிதக்கிறது. யாருடைய தோணி கூடப் புளியங்கொட்டை ஏற்றும்? எண்ணிப் பார்க்க வேண்டும், ஓரத்தை உயர்த்த வேண்டும், கவிழ்ந்தால் திரும்பச் செய்ய வேண்டும். உப்பு நிறையக் கரைத்த தண்ணீரில் முட்டை மிதப்பதையும், கிணற்றுத் தண்ணீரில் தாழ்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், ஆனையிறவு உப்பளத்தை பஸ்ஸிலிருந்து பார்த்த பிள்ளைகளுக்குக் கேள்வி பெருகும். எதுவும் காசு கேட்கும் விடயம் அல்ல.

ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மூன்று கிழமைகள் போதும். சேர்க்க வேண்டியவை: ஆசிரியையின் திகதியிட்ட குறிப்பு, பிள்ளைகளின் படங்கள் (ஒவ்வொன்றின் கீழும் பிள்ளை சொன்ன வாக்கியம்), சில நிமிட ஒலிப்பதிவு. இதோடு இன்னொரு கண் வேண்டும். பக்கத்து முன்பள்ளி ஆசிரியை ஒருவர் வந்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு, தான் கண்டதைச் சொன்னால் போதும். நம்முடைய பழக்கம் நமக்குத் தெரியாது, மற்றவருக்குத் தெரியும். படம் எடுப்பதில் மட்டும் மிகக் கவனம் வேண்டும். பெற்றோரின் சம்மதம் கேட்க வேண்டும்; ஆய்வுக்காக எடுத்த படம் பேஸ்புக்குக்குப் போகக் கூடாது. தான் செய்ததைப் படம் எடுக்க வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் அதையும் மதிக்க வேண்டும்.

இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரத்து முன்பள்ளிகள் இந்த ஆவணப்படுத்தலை ஒரு கலையாகவே வளர்த்தன. அதன் தொடக்கக் கதை எங்களுக்கு அந்நியமானதல்ல. 1945இல் போர் முடிந்த சில நாட்களில், வில்லா செல்லா என்ற ஊர் மக்கள், படைகள் விட்டுப்போன ஒரு டாங்கியையும் சில லொறிகளையும் குதிரைகளையும் விற்ற காசில், இடிபாட்டுக் கற்களைக் கொண்டு தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கட்டினார்கள். அதைக் கேள்விப்பட்டுச் சைக்கிளில் போய்ப் பார்த்த இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுட்சி அங்கேயே தங்கிவிட்டார். பிள்ளைகள் சொல்வதையும் கீறுவதையும் எழுதி, சுவரில் வைத்து, பெற்றோரோடு உட்கார்ந்து கதைக்கும் வழக்கம் அங்கிருந்து உலகம் முழுவதும் போனது. போரால் சிதைந்த ஊரில் முதலில் முன்பள்ளியைக் கட்டியவர்கள் வடக்கிலும் இருக்கிறார்கள்; ஓலைக் கொட்டிலிலும் தறப்பாளின் கீழும் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் படிப்பித்த ஆசிரியைகளை எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் அறிந்தது எழுத்தில் இல்லை என்பது பெரிய இழப்பு.

எங்கள் பல்கலைக்கழக, கல்லூரி மட்டச் செயல்நிலை ஆய்வுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல ஆய்வுகள் முன்சோதனை, இடையீடு, பின்சோதனை, சதவீத அட்டவணை என்ற ஒரே அச்சில் வருகின்றன. முன்பள்ளிக்கு இந்த அச்சு பொருந்தாது. நான்கு வயதுப் பிள்ளை மூன்று மாதத்தில் எதுவும் செய்யாமலே வளர்ந்துவிடும். புதிய சொற்கள் வரும், கை உறுதிப்படும், கூச்சம் போகும். ஒப்பிட வேறு குழு இல்லாத இருபது பிள்ளைகளின் புள்ளி கூடியதை ஸ்டீமின் வெற்றி என்று சொல்ல முடியாது. செயல்நிலை ஆய்வின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: இந்த ஆசிரியை இந்த வகுப்பில் எதை மாற்றினார், பிள்ளைகள் எப்படி நடந்தார்கள், அவர் அடுத்து என்ன முடிவெடுத்தார் என்பதை நம்பத்தகுந்த முறையில் காட்டுவதில்.

தடைகள் நிறைய. முன்பள்ளிகள் 13ஆவது திருத்தத்தின்படி மாகாண சபையின் பொறுப்பில் வருகின்றன. நடைமுறையில் சனசமூக நிலையம், ஆலயம், தேவாலயம், தொண்டு நிறுவனம், தனியார் என்று பலர் நடத்துகிறார்கள். ஆசிரியைகளில் பெரும்பாலோர் நிரந்தர நியமனம் இல்லாமல் சிறிய மாதக் கொடுப்பனவோடு வேலை செய்பவர்கள். அவர்களிடம் போய் 'ஆய்வும் செய்யுங்கள்' என்று இன்னொரு பாரத்தைத் தூக்கி வைப்பது நியாயம் அல்ல. கொடுப்பனவு உயர வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கையைப் பேசாமல் ஸ்டீமை மட்டும் பேசுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

அடுத்தது பெற்றோர். விஜயதசமிக்கு ஏடு தொடக்கிய பிள்ளை சில மாதத்தில் 'அ' முதல் 'ஃ' வரை எழுத வேண்டும், கொப்பி நிரம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பின் பின்னால் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நிற்கிறது. நான்கு வயதிலேயே அதன் நிழல் விழுகிறது. பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீரோடு விளையாடிய நாளில் பிள்ளை என்ன கற்றது என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. ஆசிரியையின் கொப்பிக்கு இங்கே இன்னொரு பயன் உண்டு. "உங்கடை பிள்ளை போன மாதம் தேங்காயைக் கோட்டுக்குக் கீழே கீறினவர். இந்தக் கிழமை பாருங்கோ, ஓரம் உயர்த்தின தோணி கீறி, எத்தினை கொட்டை ஏத்தலாம் எண்டு எண்ணிச் சொல்லியிருக்கிறார்" என்று இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், எழுத்துப் பயிற்சிக் கொப்பி காட்டாத வளர்ச்சி தாய்க்கும் தகப்பனுக்கும் தெரியும். பென்சிலைப் பிடிக்கும் விரல்களின் பலமும் கிளேயைப் பிசைவதால் கூடுகிறது என்பதையும் அதோடு சொல்லிவிடலாம்.

மூன்றாவது தடை, மேலிருந்து வரும் ஆர்வமே. வலயமோ நிறுவனமோ ஆய்வைக் கட்டாயமாக்கிப் படிவம் கொடுத்துவிட்டால், படிவம் நிரம்பும், கேள்வி செத்துவிடும். எந்த ஆசிரியை தனக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்றைக் கேட்கிறாரோ அவரிடம்தான் இது நடக்கும். 'இந்த முறை சரிவரவில்லை' என்று எழுதும் ஆசிரியைக்கு அதனால் கெட்ட பெயர் வரக் கூடாது. சரிவராததை மறைத்தால் அடுத்த சுற்றுக்கு எதுவும் மிஞ்சாது.

யாழ் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. மாதத்தில் ஒரு பிற்பகல், ஒரு வலயத்துக்குள் ஐந்தாறு ஆசிரியைகள் தங்கள் கொப்பிகளோடு உட்கார இடமும், வந்துபோகச் செலவும், அந்த நேரத்துக்கான கொடுப்பனவும் கிடைத்தால் போதும், இதைத் தொடங்கிவிடலாம். கோப்பாயில் ஆசிரியர் கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் துறை இருக்கிறது. அங்கிருந்து வருபவர்கள் தீர்ப்புச் சொல்லாமல், கேள்வியைக் கூர்மைப்படுத்தவும் பதிவை ஒழுங்குபடுத்தவும் உதவ வேண்டும். ஆய்வு ஆசிரியையின் பெயரிலேயே வெளிவர வேண்டும். உதவியவரின் பெயர் பின்னால் வரட்டும். நான்கைந்து பக்கத்தில், தமிழில், பிள்ளைகளின் படங்களோடும் பேச்சோடும் எழுதினாலே போதும். நெடுந்தீவில் ஒரு ஆசிரியை காற்றையும் மணலையும் வைத்துச் செய்ததைச் சாவகச்சேரியில் இன்னொருவர் வாசித்து, தன் வளவு மண்ணிலும் மாமரத்தடியிலும் மாற்றிப் பார்க்கலாம்.

முதல் சுற்றுக்கு மாரி காலம் நல்ல நேரம். ஐப்பசி, கார்த்திகையில் முன்பள்ளி வாசலிலேயே தண்ணீர் நிற்கும், பிள்ளைகளும் அதை விட்டு உள்ளே வரமாட்டார்கள். ஒரே அளவான மூன்று யோகட் கோப்பைகள், ஒன்று கூரைத் தாழ்வாரத்து நீர் விழும் இடத்தில், ஒன்று மரத்தின் கீழ், ஒன்று வெட்டவெளியில். எது முதலில் நிரம்பும் என்று பிள்ளைகளிடம் கேட்டு, படம் கீறச் சொல்லி, அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு, அப்புறம் மழை பெய்யவிட்டுப் பாருங்கள்.